லேசர் இருக்கட்டும், முதலில் சோதனைக்கு அனுப்புங்கள்!

(கீழச்சிவல்பட்டியில் நடைபெற்ற மகளிர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இது பெண்கள் சமாச்சாரம் என்று எழுந்திருக்கப் பார்க்கும் சகோதரர்கள் தயவுசெய்து உட்காருங்கள். உங்களிடம்தான் பேச வந்திருக்கிறேன்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றுகிறது. பெரும்பாலான பெண்களின் உடல் அதைத் தானே விரட்டிவிடுகிறது. சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. அது புற்றாக முற்றப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் வலி இருக்காது, வேறு அறிகுறியும் இருக்காது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்நோய்க்குச் சுமார் 80 ஆயிரம் பெண்கள் பலியானதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

"லேசர் வைத்தால் சரியாகிவிடுமாமே?" என்று கேட்கிறீர்கள். ஆகும், புற்றாக மாறுவதற்கு முன்பு பிடித்தால்! லேசர் கதிர் கெட்ட செல்களைச் சில மில்லிமீட்டர் ஆழம்வரை ஆவியாக்கிவிடும். ஆனால் கருவி விலை அதிகம். பழகிய மருத்துவர் வேண்டும். அதே வேலையைக் குளிரூட்டி உறையவைக்கும் 'கிரையோ' முறையும், சூட்டுக்கோல் போன்ற சிறு கருவியும் சில நிமிடங்களில் செய்துவிடுகின்றன. பெரிய லேசர் இல்லையே என்று எந்தப் பெண்ணும் சாக வேண்டியதில்லை.

இதற்குச் சாட்சி தேட வெளிநாடு போக வேண்டாம். பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு இருக்கிறது. 30 முதல் 59 வயதுவரை உள்ள 49,311 பெண்களை அழைத்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்களே கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். ஒரு நிமிடத்தில் கெட்ட இடம் வெளுத்துக் காட்டும். தகுந்தவர்களுக்கு அந்தச் செவிலியர்களே கிரையோ சிகிச்சையும் அளித்தார்கள். பெண்ணுக்குப் பெண் செய்யும் சோதனை. இதில் உங்களுக்கு என்ன ஆட்சேபம்?

முடிவு 2007-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. அழைக்கப்படாத ஊர்களைவிட இங்கே இந்நோயால் நேர்ந்த மரணம் 35 சதவீதம் குறைவு. இத்தனைக்கும் சோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர்தான். ஏறத்தாழ 18 ஆயிரம் பேர் வரவே இல்லை! வீட்டு வாசல்வரை வந்த வாய்ப்பு அது. நம் வீட்டுப் பெண்கள் "அவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லும்போது, அந்த 'அவர்' யார் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இன்னொன்று. 'புண்' என்று யாராவது சொன்னவுடன் கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதித்துவிடாதீர்கள். வெறும் சிவப்பெல்லாம் புற்றின் முன்னோடி அல்ல. உண்மையிலேயே முன்னோடியாக இருந்தாலும் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் அழித்தாலோ வெட்டி எடுத்தாலோ போதும். சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது கடந்த பெண்களுக்கு இந்தச் சோதனை இலவசம். சிகிச்சை நடந்தால் சில வாரங்கள் நீர்போலப் படும், பயப்பட வேண்டாம். ஒரு மாதத்துக்குக் குறையாமல் கணவர் விலகியிருக்க வேண்டும். காய்ச்சலோ அதிக இரத்தப்போக்கோ வந்தால் உடனே அழைத்துப் போங்கள். ஓராண்டு கழித்து மறுசோதனை உண்டு. அந்தத் தேதியை நீங்களே குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.