குதிரையிடம் ஜாக்கிரதை

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடனையும் தவணையையும் பற்றிப் பேச வேண்டியவன் குதிரையைப் பற்றிப் பேச வந்தது விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் இவ்விரண்டிற்கும் நெருங்கிய சம்பந்தமுண்டு. கடன் வாங்கிக் குதிரையும் வண்டியும் வாங்கிய ஒருவர் உதைபட்டு மூன்று மாதம் படுத்துவிட்டால், வண்டி ஓடாது. குதிரைக்குக் கொள்ளும் புல்லும் மட்டும் நிற்காது. தவணை தவறும், பாரம் ஜாமீன்தாரர் தலையில் விழும். ஆகையால் ஒருவர் காலைக் காப்பது சங்கத்தின் பணத்தைக் காப்பதுமாகும்.

ரயிலடிதோறும் ஜட்கா நின்ற காலம் போய்விட்டதெனினும், வண்டிக்கும் பந்தயத்திற்கும் ஊர்வலத்திற்கும் குதிரை வளர்ப்போர் இன்றும் இருக்கின்றனர். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் மாடுகளோடு குதிரைகளும் விலையாவதை நீங்கள் அறிவீர்கள்.

முதலாவது, குதிரையின் சுபாவத்தை அறிய வேண்டும். அது துஷ்ட மிருகமன்று, பயந்த மிருகம். புல்வெளியில் ஓடிப் பிழைத்த ஜாதியாகையால், திடுக்கிட்டால் ஓடும். ஓட வழியில்லாவிடில் உதைக்கும். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் அதற்குப் பார்வையுண்டு. ஆனால் வாலுக்கு நேர் பின்புறமும், நெற்றிக்கு நேர் முன்னே சிறிது தூரமும் அதற்குத் தெரியா. ஓசையின்றிப் பின்னால் வந்து தொடுகிறவரை அது சத்துருவென்றே எண்ணும். ஆகவே பெயர் சொல்லிப் பேசிக்கொண்டே, இடது தோளை நோக்கிச் சாய்வாக அணுகி, முதலில் கழுத்தைத் தடவுக. பின்புறம் கடக்க நேர்ந்தால், ஒன்று பத்தடிக்குமேல் விலகிப் போக வேண்டும். அல்லது முதுகில் கை வைத்தபடி உடலோடு ஒட்டிப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவான தூரமே உதையின் முழு வேகமும் விழுமிடம்.

இரண்டாவது, அதன் பாஷையை அறிய வேண்டும். காதை ஓசை வரும் திசைக்குத் திருப்புவது சாதாரணம். இரு காதுகளையும் கழுத்தோடு படிய மடக்கினால் கோபம். வாலை வீசி அடிப்பதும், பின்னங்காலைத் தூக்குவதும், கண்ணின் வெள்ளை தெரிய விழிப்பதும் எச்சரிக்கைகள். அவற்றைக் கண்டால் விலகி நிற்பது கோழைத்தனமன்று; விவேகம்.

மூன்றாவது, கயிறு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளுதல் மிகவும் பொல்லாத வழக்கம். குதிரை மிரண்டு இழுத்தால் சுற்று இறுகி விரல் அறும். அல்லது ஆளையே இழுத்துச் செல்லும். மிச்சக் கயிற்றை மடித்து, மடிப்பின் நடுவைப் பிடியுங்கள். கட்டும்போது ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள்.

நான்காவது, வண்டி பூட்டுதல். கடிவாளம் மாட்டிய பின்னரே வண்டியில் பூட்ட வேண்டும். அவிழ்க்கையில், குதிரை ஏர்க்காலை விட்டு முற்றும் வெளிவந்த பின்னரே கடிவாளத்தைக் கழற்ற வேண்டும். கடிவாளத்தோடு கண்மறைப்பும் நீங்கிவிட்டால், தன் பின்னால் வண்டி நிற்பதைத் திடீரெனக் கண்டு குதிரை வெருண்டோடும். அதை நிறுத்தக் கையில் லகானும் இராது.

லாடம் பார்க்கக் காலைத் தூக்கும்போது, அதன் வாலை நோக்கி நின்று, தோளிலோ தொடையிலோ கை வைத்துப் படிப்படியாகக் கீழே இறக்குக. குனியலாம், உட்காரவும் மண்டியிடவும் ஆகாது. வெறுங்காலோடு கொட்டிலில் நிற்பது கூடாது. சிறுவரைத் தனியே அனுப்புவது கூடவே கூடாது.

கடைசியாக, காயம். சாணமும் மண்ணும் கலந்த கொட்டிலில் ரணஜன்னிக் கிருமி இருக்கும். சிறு கீறலும் உயிருக்கு உலை வைக்கலாம். தடுப்பூசியைக் காலந்தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். வெறிநோய் குதிரைக்கும் வரும். மஞ்சள், சாம்பல் அப்பிக் காலங் கடத்தாதீர்கள். வயிற்றிலோ தலையிலோ உதை விழுந்தால், வெளியே ரத்தம் காணாவிடினும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். உள்ளே ரத்தம் கசியக்கூடும்.

அங்கத்தினர்களே! நான் சொன்னவற்றுள் பணம் செலவாகும் காரியம் மிகச் சிலவே. பெரும்பாலானவற்றிற்கு வேண்டியது பழக்கமும் பொறுமையுமேயாம். குதிரை வைத்திருப்போர் தங்கள் வீட்டு இளைஞருக்கு இவற்றைச் செய்து காட்டிப் பழக்குவார்களாக. கடனுக்கு ஜாமீன் நிற்போரும், கையெழுத்திடுமுன் கொட்டிலை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நலம்.