கோறணமேந்தா, கொம்பனியா?

(நூற்றாண்டு விழாவையொட்டி, உயர்தர வகுப்பு மாணவியருக்காகப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய தொழில் வழிகாட்டல் நிகழ்வில் ஆற்றிய உரை)



முகாமைத்துவப் பட்டமா, நிர்வாக சேவையா என்று பேசுவதற்கு ஒரு வைத்தியரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் யோசிக்கலாம். எங்கள் வகுப்பில் இரண்டுக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். முகாமைத்துவம் படித்தவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில். நிர்வாக சேவைக்குப் போனவள் வர ஆசைப்பட்டாள்; அவளுக்கு இன்றைக்கு மாவட்டக் கூட்டம். மிஞ்சியவர்கள் வைத்தியர்கள். மற்றவர்களிடம் தொலைபேசியில் கேட்டுத் தொகுத்ததையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறோம். ஆகவே வகுப்பின் சார்பில் ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம். எங்களுக்கு இன்னோர் உரிமையும் உண்டு. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு கோவை நகர்வதற்கும் இங்கே நோயாளிக்கு மருந்து கிடைப்பதற்கும் உள்ள தொடர்பு, அரசாங்க வைத்தியசாலையில் வேலை செய்கிற எவருக்கும் நன்றாகத் தெரியும்.

எங்கள் வகுப்புக்கு வெள்ளவத்தையிலிருந்தும் வந்தார்கள், கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்தார்கள். வெள்ளவத்தை வீடுகளில் பேரனார் ஒருவர் கிளறிக்கல் சேர்விஸில் இருந்து ஓய்வு பெற்றிருப்பார். இன்கிறிமெண்ட், பென்ஷன், இடமாற்றம் என்ற சொற்களைக் கேட்டே அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளின் வீட்டில் செட்டியார் தெரு நகைக்கடை, புறக்கோட்டை மொத்த வியாபாரம், துறைமுகத்துக் கணக்கு வழக்கு. இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போதே வாக்குவாதம் தொடங்கிவிடும். “கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்” என்று அப்பம்மா சொன்னதை ஒருத்தி ஒப்புவிப்பாள். “மாசக் கடைசியில அந்தக் கோறணமேந்துக்காரர் எங்கட கடைக்குத்தானே கடனுக்கு வாறவை” என்று மற்றவள் சொல்லுவாள். இரண்டுமே உண்மை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சிவில் சேவையில் நம்மவர் கதை தொடங்குவது கொட்டாஞ்சேனைப் பக்கத்தில்தான். பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைக் கட்டிய பொன்னம்பல முதலியாரின் மகன் அருணாசலம், போட்டிப் பரீட்சை எழுதி 1875இல் இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர். பின்னர் பதிவாளர் நாயகமாக இருந்தார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தியவரும் அவரே. அதற்குப் பிறகு இரண்டு மூன்று தலைமுறைக்கு, படித்த தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பிய முதல் வாசல் அரச சேவைதான். வெள்ளவத்தை இப்படி ஒரு தமிழ் ஊராக வளர்ந்ததில் அந்த உத்தியோகங்களுக்குப் பெரும் பங்குண்டு.

அந்த வாசல் எப்படி ஒடுங்கியது என்பதை இங்கிருக்கும் பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். 1956இல் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழி ஆக்கியது. தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத வேண்டியதாயிற்று. கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் அதற்குத் தோற்றவில்லை. அவருடைய வருடாந்தச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசுக்கு எதிராக வழக்காட முடியாது என்றது. 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில், முடியும் என்றது. அந்த மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்கு மட்டும் கடைசிவரை எந்த நீதிமன்றமும் முடிவான பதில் சொல்லவில்லை. ஒரு சம்பள ஏற்றத்துக்காகத் தொடங்கிய வழக்கு இது. அந்தக் காலத்துத் தகப்பன்மார் “உனக்கு வேண்டாம் பிள்ளை, கணக்கியல் படி, வெளியில போ” என்று சொன்னதை அதன் பிறகு யார் குறை சொல்ல முடியும்?

எங்கள் முறை வந்தது 1990களின் கடைசியில். காலி வீதியில் சோதனைச் சாவடி, வீட்டில் பொலிஸ் பதிவுத் துண்டு, பையில் எப்போதும் அடையாள அட்டை. அந்த நாட்களில் அரசாங்க வேலை என்று வாய் திறந்தால் வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். வணிகப் பிரிவில் இருந்தவர்களுக்கு சீமாதான் மந்திரச் சொல். காரணம் எளிது. சீமாவும் முகாமைத்துவப் பட்டமும் போகிற நாட்டுக்கெல்லாம் கூடவே வரும். நிர்வாக சேவையின் பெறுமதி இந்தத் தீவின் கரையோடு முடிந்துவிடும். எங்கள் தோழியர் கணக்கைச் சரியாகவே போட்டார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் தங்கைமார் படித்தார்கள், அம்மாமாருக்குக் கண்புரை சத்திரசிகிச்சை நடந்தது. இந்த விழா மலரின் அச்சுச் செலவிலும் அவர்களுடைய பங்கு இருக்கிறது.

அப்படியிருக்க இதை ஏன் இன்றைக்குப் பேசுகிறோம்? கிளினிக்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்து அம்மா ஒருவர் சலரோகத்துக்கு மருந்து எடுக்க வருபவர். ஒரு நாள் சோதித்து முடிந்த பிறகும் கதிரையை விட்டு எழும்பவில்லை. பையிலிருந்து நான்காய் மடித்த கடிதமொன்றை எடுத்து, “டொக்டர், இதில என்ன இருக்கெண்டு ஒருக்காச் சொல்லுவீங்களா?” என்று கேட்டார். ஓர் அரச அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். முழுவதும் சிங்களம். நிவாரணக் கொடுப்பனவு கிடைக்காதவர்கள் குறித்த திகதிக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்று எழுதியிருந்தது. திகதி கடந்து ஒன்பது நாள். அவர் அதை ஏற்கெனவே மூன்று பேரிடம் காட்டியிருக்கிறார்; ஒருவர் “ஒண்டுமில்லை, வைச்சிருங்கோ” என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்கு இரத்த அழுத்தம் ஏன் கூடியிருந்தது என்பது கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. தாமதத்துக்குக் காரணம் காட்டி ஒரு மேன்முறையீடு எழுதிக் கொடுத்தோம். அடுத்த கிளினிக்கில் விசாரித்தபோது, “இன்னும் பதில் வரேல்லை” என்றார்.

1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. அரசியலமைப்பின்படி அந்த அம்மாவுக்குத் தமிழில் கடிதம் பெறும் உரிமை உண்டு. ஆனால் உரிமை தானாகத் தட்டச்சு செய்யாது. அந்த மேசையில் தமிழில் எழுதத் தெரிந்த ஒருவரும், அவருக்கு மேலே “இது தமிழிலும் போக வேண்டும்” என்று சொல்லக்கூடிய ஒருவரும் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது கதிரைக்குத்தான் நிர்வாக சேவைப் பரீட்சை.

அந்தக் கதிரையில் தமிழ்ப் பெண்கள் இருந்து காட்டியிருக்கிறார்கள். 2009இல் யுத்தத்தின் கடைசி மாதங்களில் முல்லைத்தீவு அரசாங்க அதிபராக இருந்தவர் இமெல்டா சுகுமார். பக்கத்தில் வவுனியா அரசாங்க அதிபராக இருந்தவர் பி. எஸ். எம். சாள்ஸ். அவரே பிற்காலத்தில் சுங்கப் பணிப்பாளர் நாயகமாகவும் வட மாகாண ஆளுநராகவும் பதவி வகித்தார். வியாபாரம் வேறு, நிர்வாகம் வேறு என்று நினைக்கும் வணிகப் பிரிவு மாணவியர் இதில் சுங்கம் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு கொள்கலனும் அந்தத் திணைக்களத்தைத் தாண்டித்தான் புறக்கோட்டைக்கு வரும்.

கஷ்டங்களை மறைக்கப் போவதில்லை. சம்பளம் குறைவு. 2022இல் ரூபாய் சரிந்தபோது மாதச் சம்பளக்காரர் எல்லோரும் நொந்துபோனோம். வெளிநாட்டுக் கொம்பனிக்கு வேலை செய்து டொலரில் சம்பளம் எடுத்த தோழியர் தப்பினார்கள். தூர இடங்களுக்கு இடமாற்றம் வரும். கலியாணம் பேசும்போது அதையே ஒரு குறையாகச் சொல்லுவார்கள். அரசியல்வாதிகளின் தொலைபேசி அழைப்புகளும் வரும். எங்கள் தோழி முகாமைத்துவம் படித்து, வங்கியொன்றில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத்தான் பரீட்சை எழுதினாள். “வங்கியில ஆண்டுக் கடைசியில இலக்கு முடிஞ்சுதா எண்டு கேப்பினம். இங்க ஒருத்தரும் கேக்க மாட்டினம். நீயே உன்னைக் கேக்க வேணும், அதுதான் கஷ்டம்” என்று சொன்னாள். வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கப் படித்தது தனக்கு ஒவ்வொரு நாளும் உதவுகிறது என்றும் சொன்னாள்.

ஆகவே பிள்ளைகளே, இதா அதா என்று இன்றைக்கே முடிவு கட்டத் தேவையில்லை. திறந்த போட்டிப் பரீட்சைக்குப் பட்டம் வேண்டும். எந்தத் துறைப் பட்டம் என்றாலும் சரி. வணிக நிர்வாகமாணியும் எழுதலாம், வரலாறு படித்தவரும் எழுதலாம். சீமா மட்டும் போதாது, அதை இப்போதே தெரிந்து வைத்திருங்கள். தமிழிலேயே எழுதலாம். வயது எல்லை உண்டு. ‘பிறகு பார்ப்போம்’ என்று பத்து வருடம் தள்ள முடியாது. அறிவித்தல் வர்த்தமானியில் வரும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும்; நூலகத்தில் பார்க்கலாம், இணையத்திலும் இருக்கிறது.

அம்மா அப்பாமார் பயப்படுவது மொழிக்குத்தான். அதில் நிலைமை மாறியிருக்கிறது. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்கிறவர்கள் மற்ற அரச கரும மொழியிலும் ஐந்து வருடத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. நாம் சிங்களம் படிக்க வேண்டும். சிங்கள உத்தியோகத்தர் தமிழ் படிக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறதா என்றால், அந்த அம்மாவின் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். ஆனாலும் கோடீஸ்வரனிடம் கேட்டது போல் ஒரு பக்கத்தை மட்டும் இன்றைக்குக் கேட்கவில்லை.

கொழும்பில் வளர்ந்த உங்களுக்கு ஓட்டோக்காரரிடம் பேரம் பேசச் சிங்களம் வரும். ஒரு கோவையில் நான்கு வரிக் குறிப்பு எழுதச் சொன்னால் பேனை நின்றுவிடும். அதற்கு எங்கள் வகுப்பு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் பழைய மாணவியர் சங்க அறையில் இரண்டு மணித்தியாலம், சிங்களத்தில் அலுவலகக் கடிதம் வாசிக்கவும் எழுதவும் பழகலாம். காசில்லை. கொம்பனிக்குப் போக நினைப்பவர்களும் வரலாம், அங்கேயும் அது தேவைப்படும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் செயலாளரைச் சந்தியுங்கள். தேநீருக்கு முதலே கொடுத்துவிட்டால் அவருக்கும் வசதி.