சொல்லாமல் அணையும் கணிப்பொறி

காலை வழிபாட்டில் வரிசையில் நிற்கும் சிறுவன் ஒருவன் மயங்கி விழுந்தால் தலைமையாசிரியர் என்ன செய்வார்? இருதயக் கோளாறு என்று அப்பொழுதே முடிவு கட்டிவிட மாட்டார். "காலையில் சாப்பிட்டாயா? வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாய்? முன்பும் இப்படி வந்ததுண்டா?" என்றுதான் கேட்பார். வீட்டுக் கணிப்பொறி சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகளும் ஏறக்குறைய இவையே.

சென்ற கோடையில் எனக்கே இது நேர்ந்தது. எங்கள் ஊர்ப் பள்ளியின் வரலாற்றைக் கணிப்பொறியில் எழுதி வந்தேன். ஒருநாள் பிற்பகல் திரை இருண்டது. சேமிக்காத நான்கு பக்கங்கள் போயின. பழுது பார்க்க வந்தவர் ஐந்து நிமிடத்தில், "மதர்போர்டு போய்விட்டது ஐயா, புதிதாக மாற்றிவிடலாம்" என்றார். ஓய்வூதியத்தில் வாழ்பவனுக்கு அது சிறிய செலவன்று. ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு ஒரு குறிப்பேட்டை எடுத்தேன். பொறி அணையும்போதெல்லாம் மணி என்ன, எத்தனை நிமிடம் ஓடியது, வீட்டில் வேறு எந்த மின்கருவி ஓடிற்று என்று எழுதி வைத்தேன்.

வார முடிவில் ஒன்பது குறிப்புகள் இருந்தன. ஆறு முறை பிற்பகல் வெப்பத்தில், அரைமணி ஓடிய பிறகு அணைந்திருந்தது. மூன்று முறை காலையில், கிணற்று மோட்டாரைப் போட்ட அதே கணத்தில் அணைந்திருந்தது. ஆக, நோய் ஒன்றன்று, இரண்டு.

முதல் நோய் சூடு. கணிப்பொறியின் மூளையாகிய பிராசசர் வேலை செய்யுந்தோறும் சூடேறும். அதன்மேல் பொருத்திய உலோகத் தகடுகளும் மின்விசிறியும் அச்சூட்டை வெளியேற்றுகின்றன. தகடுகளின் இடுக்கில் தூசி அடைத்துக்கொண்டால் சூடு போக வழியில்லை. இன்றைய பிராசசர்கள் பலவற்றுக்கும் எல்லை ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கும்போது அவை முதலில் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் தணியாவிடில் பொறி தானே அணைந்துவிடும். ஆகவே இந்த அணைதல் கேடன்று. கேட்டினின்று தன்னைக் காத்துக்கொள்ளும் செயல்.

மின் இணைப்பை முழுதும் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். தகடுகளின்மேல் கம்பளி போல் தூசி படிந்திருந்தது. விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் துடைத்து, காற்று ஊதி அகற்றினேன். பிற்பகல் நோய் அன்றோடு தீர்ந்தது.

காலை நோய் தீரவில்லை. மோட்டார் புறப்படும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப்போல் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கும். வீட்டின் மின்னழுத்தம் நொடிப்பொழுது தாழும். அந்த நொடியைத் தாங்குவதற்குத்தான் யூ.பி.எஸ். இருக்கிறது. கணிப்பொறியைக் கழற்றிவிட்டு, யூ.பி.எஸ்.ஸில் ஒரு மேசை விளக்கைப் பொருத்திச் சுவர் இணைப்பை நிறுத்தினேன். விளக்கு உடனே அணைந்தது. ஐந்தாண்டுப் பழைய பாட்டரி உயிரிழந்திருந்தது. அதை மாற்றியதும் பொறி நிலைத்தது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அன்றே நான் புதிய மதர்போர்டுக்குச் சம்மதித்திருந்தால், அதைப் பொருத்தும்போது தூசியையும் துடைத்திருப்பார்கள். பிற்பகல் நோய் தீர்ந்திருக்கும்; பழி பழைய போர்டின்மேல் விழுந்திருக்கும். காலை நோயோ அப்படியே இருந்திருக்கும். ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றுக; மாற்றியபின் பொறுத்திருந்து பார்க்க. இதுவே முறை.

இவ்விரண்டும் காரணமல்லவெனில், மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் எஸ்.எம்.பி.எஸ்., ராம் எனும் நினைவகம் ஆகியவற்றை ஐயுறலாம். விண்டோஸ் தன் நிகழ்ச்சிப் பதிவேட்டில் 41 என்ற எண்ணைக் குறித்திருக்கும். அதைக் கண்டு மயங்க வேண்டா. முறைப்படி மூடாமல் பொறி நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது, ஏன் என்பதைச் சொல்வதில்லை. நினைவகத்தைச் சோதிக்கும் கருவி விண்டோஸிலேயே உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறவாதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதனுள் உயிருக்கு ஊறு செய்யும் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். அது தொழில் தெரிந்தவர் கைக்கு உரியது. அவரிடம் போகும்போதும் உங்கள் குறிப்பேட்டைக் கொண்டுபோங்கள். அவர் வேலை பாதியாகும்.

காரணம் தெரியும்வரை, எழுதியதை ஒவ்வொரு மாலையும் ஒரு பென் டிரைவில் படி எடுத்து வையுங்கள். பொறியை மீண்டும் வாங்கலாம். போன நான்கு பக்கங்களை நான் மறுபடியும் எழுதினேன், முன்போல் அமையவில்லை.