தனியொருவர் செய்த மென்பொருளும் நமது கடமையும்



கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குச் சென்றால் வாழையிலை கிடைக்கும்; கறிவேப்பிலை கிடைக்கும்; தொடுத்த மல்லிகைச் சரமும் கிடைக்கும். ராஷ்பிஹாரி சாலையைச் சுற்றிக் குடியேறிய தமிழர் தமக்கு வேண்டியவற்றை ஒவ்வொன்றாக இங்கே வருவித்துக்கொண்டனர். ஆனால், எந்தக் கடையிலும் நிறுத்து வாங்க முடியாத பொருள் ஒன்று உண்டு. தமிழில் எழுதும் வசதியே அது.

இங்கே வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் வங்காளமும் இந்தியும் பயில்கின்றனர். தமிழ் அவர்களுக்கு வீட்டு மொழி. ஊரிலுள்ள பாட்டிக்கு நான்கு வரி எழுத வேண்டுமானால், கணிப்பொறியில் ஆங்கில விசைகளைக் கொண்டு தமிழ்ச் சொல்லின் ஒலியைத் தட்டுகின்றனர். திரையில் தமிழெழுத்துத் தோன்றுகிறது. இதனைச் செய்வது ஒரு சிறு மென்பொருள். அத்தகைய மென்பொருள்கள் பல தனியொருவரின் முயற்சியால் பிறந்தவை. ஆக்குவதைக் காட்டிலும் அதனை ஆண்டுதோறும் காப்பதே கடினம் என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இந்த உண்மையை நாங்கள் உணர்ந்தது ஓர் இழப்பின் வாயிலாக. எங்கள் சிறு சங்கத்தின் பழைய கணிப்பொறி ஒருநாள் பழுதுற்றது. சாந்தினி சவுக்கில் புதியதொன்று வாங்கி வந்தோம். ஆண்டு மலர்களுக்கெனத் தட்டச்சு செய்து வைத்திருந்த கட்டுரைகளைத் திறந்தபோது, தமிழைக் காணவில்லை. பொருளற்ற குறிகளே வரிவரியாக நின்றன. பழைய தட்டச்சு மென்பொருளை நிறுவ முயன்றோம். அது இயங்க மறுத்தது. அக்கட்டுரைகளுள் சில, காலஞ்சென்ற பெரியோர் தாம் இந்நகருக்கு வந்து சேர்ந்த கதையைத் தம் சொற்களிலேயே கூறியவை. மறைந்தவர்களை மறுமுறையும் இழந்தோம் என்றே எங்களுக்குத் தோன்றியது.

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, முற்காலத்தில் எழுத்துரு செய்தவர்கள், ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய இடங்களில் தத்தம் விருப்பப்படி தமிழெழுத்துகளை அமர்த்தினர். ஒருவர் எழுத்துருவில் எழுதியது மற்றொருவர் எழுத்துருவில் விளங்காது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு கூடிற்று. தமிழ் 99 விசைப்பலகை அங்கே உருப்பெற்றது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிக்கோடு என்னும் ஒருங்குறியில் 1991-லேயே தமிழுக்கு இடம் தரப்பட்டிருந்தது. தமிழ்நாடு அரசு 2010-ல் அதனைத் தரமாக ஏற்றது. எங்கள் கட்டுரைகளோ பழைய முறையிலேயே தங்கிவிட்டன.

இரண்டாவது காரணமே நமது பொருளுக்கு நெருக்கமானது. விண்டோஸ், மேக் போன்ற இயங்குதளங்கள் நிலம் போன்றவை. மென்பொருள் அந்நிலத்தில் எழுப்பிய வீடு போன்றது. நிலத்துக்குரியவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தின் மட்டத்தையே மாற்றிவிடுகிறார். வீட்டில் ஒரு செங்கல்லும் பழுதுறாமலிருக்க, கதவு மட்டும் திறக்காமற் போகிறது. 64 பிட் விண்டோஸில் பழைய 16 பிட் நிரல்கள் இயங்கா. 32 பிட் நிரலின் உறுப்பு 64 பிட் நிரலுக்குள் நுழையவும் இயலாது. 2019-ல் வெளிவந்த மேக் கேட்டலினாவோ 32 பிட் நிரல்களை முற்றிலும் விலக்கிவிட்டது.

விசைப்பலகை மென்பொருளுக்கு இத்தொல்லை இரு மடங்கு. அது விசைக்கும் மற்ற நிரல்களுக்கும் நடுவே நின்று, நாம் தட்டுவதைப் பிடித்து, தமிழாக்கி அனுப்புகிறது. கடவுச்சொல்லைத் திருடும் கள்வனும் அதே இடத்தில்தான் ஒளிந்து நிற்கிறான். ஆகவே 2007-ல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, சாதாரண உரிமையுடைய நிரல் உயர்ந்த உரிமையுடைய நிரலுக்கு விசைகளை அனுப்புவதைத் தடுத்தது. காவல் நம் நன்மைக்கே. குறை கூற இடமில்லை. ஆயினும், காவலன் கள்வனோடு சேர்த்து நண்பனையும் நிறுத்துகிறான். தாம் நம்பத்தக்கவர் என்று காட்ட, ஆக்கியவர் கையொப்பச் சான்றிதழைப் பணங்கொடுத்துப் பெறவேண்டும். 2023 ஜூன் முதல் அதற்குரிய மறைச்சாவியைத் தனிப் பாதுகாப்புக் கருவியில் வைத்திருக்கவும் வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இஃது அற்பச் செலவு. இலவசமாக வழங்கும் தனிமனிதருக்கோ கைப்பொருள் கரையும் செலவு.

நம் அண்டையிலுள்ள வங்காளிகள் இதனை நன்கறிவர். கொல்கத்தாவிலும் பலர் வங்காளம் எழுதப் பயன்படுத்தும் 'அவ்ரோ' மென்பொருளை ஆக்கியவர், வங்கதேசத்தின் மைமன்சிங்கில் மருத்துவம் பயின்ற மெஹதி ஹசன் கான் என்ற இளைஞர். அது 2003 மார்ச் 26 அன்று வெளிவந்தது. பின்னர், 2005-ல், வங்காளத்தின் 'கண்ட த' என்னும் எழுத்துக்கு ஒருங்குறியில் தனி இடம் கிடைத்தது. விசைப்பலகை செய்தோரெல்லாம் அதற்கேற்பத் திருத்த வேண்டியதாயிற்று. நண்பர் சிலரும் அவருக்குத் துணை நின்றனர். 2025-ல் வங்கதேச அரசு அவருக்கும் தோழர் மூவருக்கும் ஏகுஷே பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது.

நம்மிடையேயும் இத்தகையோர் உளர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் தொடங்கிய முரசு, விண்டோஸ், மேக், கைப்பேசி என்று ஒவ்வொரு நிலத்துக்கும் குடிபெயர்ந்து வாழ்கிறது. விசுவநாதன் 2000-ஆம் ஆண்டில் ஆக்கிய 'அழகி' பல வீடுகளில் தமிழை ஏற்றிவைத்தது. முகுந்தின் 'எ-கலப்பை' முதலில் 'கீமேன்' என்னும் மற்றொரு மென்பொருளைச் சார்ந்திருந்தது. பின்னர்த் தன் காலிலேயே நின்றது. அந்தக் கீமேனும் ஒருவர் தொடங்கியதே. 2015-ல் அது ஒரு மொழித்தொண்டு நிறுவனத்தின் பொறுப்பில் சேர்ந்தது. 2017-ல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற நிலையை அடைந்தது. ஆக்கியவரின் தோளிலிருந்து பலர் தோளுக்குச் சுமை மாறினால் ஆயுள் நீளும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

'விண்டோஸிலேயே 2019 முதல் ஒலிமுறைத் தமிழ் விசைப்பலகை உள்ளதே, இனித் தனி மென்பொருள் எதற்கு?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அது வந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் முதியவர் ஒருவரின் விரல்கள் முப்பது ஆண்டுகள் பழகிய தட்டச்சு முறையை மறப்பது எளிதன்று. பழைய எழுத்துருவிலுள்ள கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையும் இருக்கிறது. எங்கள் மலர்க் கட்டுரைகளில் பெரும்பகுதியை மீட்டுத் தந்தது, ஊதியம் கருதாத ஒருவர் செய்து வைத்த மாற்றுக் கருவியே. முகமறியாத அவருக்கு நாங்கள் நன்றிக் கடிதம்கூட எழுதவில்லை என்பது பிறகே நினைவுக்கு வந்தது. வெட்கத்துடன் எழுதினோம்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிவுற்றது. ஆதலால் மீண்டும் ஒரு குடிபெயர்ப்புக் காலம் வந்துள்ளது. இவ்வேளையில் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. பழைய கோப்புகளை, அவற்றைத் திறக்கும் கணிப்பொறி உயிரோடிருக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றிவிடுவோம். மூலப்படியையும் போற்றி வைப்போம். மென்பொருள் இயங்காவிடில், 'வேலை செய்யவில்லை' என்று ஒரு வரி எழுதிச் சினவாமல், எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, எந்த விசைக்கு எந்த எழுத்து வந்தது என்று தெளிவாக எழுதுவோம். அத்தகைய கடிதம் ஒன்று அவருக்கு ஓர் இரவு உறக்கத்தை மிச்சப்படுத்தும். அவர் நன்கொடை ஏற்பவராயின், மலருக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியைச் சங்கங்கள் அனுப்பலாம். நிரல் எழுதக் கற்ற நம் இளைஞர்கள், அவர் இசைந்தால், உடனிருந்து உழைக்கலாம். மூலநிரலைப் பொதுவில் வைக்குமாறு அன்போடு வேண்டலாம்.

ஊரில் ஏரிக்கரையை ஒருவர் கட்டினாலும், மழைக்கு முன் ஊரே கூடி மண் போடுவது வழக்கமாயிருந்தது. கரை கட்டியவரே ஆண்டுதோறும் தனியே மண் சுமக்கட்டும் என்று எவரும் இருந்ததில்லை. தாய்நிலத்தை விட்டு வெகுதூரம் வந்துள்ள நமக்கு, தமிழில் ஒரு கடிதம் எழுத முடிவது அந்த ஏரி நீருக்கு ஒப்பாகும். நாமும் ஆளுக்கொரு கூடை மண் போடுவோமாக.