நான்கு புள்ளிகளும் ஒரு பீங்கான் கெண்டியும்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் உருவாகும் கொலுப் பொம்மைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். வட்டத்திற்குச் சமன்பாடு உண்டு என்று படிக்கிறோம். ஒரு பொம்மையின் கன்னத்தைக் கணக்கில் எழுத இயலுமா?

கார்களின் வடிவத்தைக் குறித்து இத்தகைய வினா பிரான்சில் எழுந்தது. சித்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஜோ 1959-இல் ஒரு வழி கண்டார். ரெனோ நிறுவனத்துப் பொறியாளர் பியேர் பெசியே 1960-களில் தனித்து ஆராய்ந்து வெளியிட்டமையால், அவ்வளைவு பெசியே வளைவு என்றே வழங்குகிறது.

வரைபடத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். (0,0), (0,4), (4,4), (4,0) என நான்கு புள்ளிகளைக் குறித்து வரிசையாக இணையுங்கள். மூன்று கோடுகளின் நடுப்புள்ளிகள் (0,2), (2,4), (4,2). அவற்றை இணைத்து மீண்டும் நடுப்புள்ளி கண்டால் (1,3), (3,3). இவ்விரண்டின் நடு (2,3). அது வளைவின் மேலுள்ள ஒரு புள்ளி. பாதிக்குப் பதிலாகக் கால், முக்கால் என எவ்விகிதத்தைக் கொண்டாலும் வேறொரு புள்ளி கிடைக்கும். அவை யாவும் சேர்ந்ததே வளைவு. அது முதற்புள்ளியில் தொடங்கிக் கடைப்புள்ளியில் முடியும். இடைப்புள்ளிகள் இரண்டும் அதனைத் தம்பால் இழுக்குமேயன்றி அதன்மேல் அமைவதில்லை.

இத்தகைய வளைவை ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் பானை வடிவம் பிறக்கும். குயவரின் சக்கரம் செய்வதும் அதுவே. ஆனால் மூக்கும் கைப்பிடியும் சுழற்சியால் அமையா. அவற்றிற்குப் பதினாறு புள்ளிகள் ஆளும் பரப்புத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்த வேண்டும்.

1975-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்பவர் தம் வீட்டுத் தேநீர்க் கெண்டியை வரைபடத்தாளில் பென்சிலால் வரைந்து, இம்முறையில் கணிப்பொறிக்கு அளித்தார். ஒளியும் நிழலும் பரப்பின்மேல் விழும் விதத்தைச் சோதிக்க உலகெங்கும் அக்கெண்டி பயன்பட்டது. 1995-இல் வெளிவந்த 'டாய் ஸ்டோரி' என்னும் அசைவுப் படத்திலும் அது தோன்றுகிறது. கணிப்பொறிச் சித்திரக் கலைக்குப் பாடமாக அமைந்தது ஒரு பீங்கான் பாத்திரமே!

எனினும் திரையிலுள்ள கெண்டி சுருங்குவதில்லை. மண்ணோ உலரும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். பத்திலொரு பங்கு சுருங்கும் மண்ணில் ஒன்பது அங்குலப் பொம்மை வேண்டுமெனில், அச்சு பத்து அங்குலம் இருத்தல் வேண்டும். ஆகவே, மண்ணைத் தொடும் மாணவர் கணக்கை ஒதுக்கலாகாது. கணக்கைக் கற்கும் மாணவர் மண்ணைத் தாழ்வாக எண்ணலாகாது. இரண்டும் அறிந்தவருக்கே வடிவம் முழுமையாக வசப்படும்.