ஏணியை அறியாத வரைபடம்



யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர், நம் மும்பைத் தாராவியில் எழுதத் தெரியாதவர்களுக்காகத் திருநெல்வேலிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர். கடிதத்தைவிட அனுப்புநர் முகவரி எழுதுவதற்குத்தான் நேரமாகும் என்பாராம். இன்னாருடைய சால் (வரிசைக் குடியிருப்பு), பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால், 90 அடிச் சாலை என்று எழுதிவிட்டுக் கடைசியில் 'ஏணி ஏறி மேலே' என்று சேர்ப்பாராம். நான் பேச வந்தது அந்தக் கடைசி மூன்று சொற்களைப் பற்றித்தான்.

1972 ஆகஸ்ட் 15 அன்று நாட்டுக்குப் பின்கோடு வந்தது. தாராவிக்கு 400017. தபால்காரருக்கு அது போதும். மீதியை அவர் கால்கள் அறியும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானபின், கால்கள் அறிந்ததைக் கைபேசி அறிய வேண்டியதாயிற்று. சாப்பாடு கொண்டு வருகிறவர், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "லொகேஷன் அனுப்புங்க."

அனுப்புகிறோம். அது எங்கே போய் நிற்கிறது? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சன்னமான சிக்னலைப் பிடிக்கக் கைபேசிக்குத் திறந்த வானம் வேண்டும். திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் பிசகு உண்டு. நம் சந்துகளில் இரண்டு பக்கத்துத் தகரக் கூரைகளும் முட்டிக்கொள்கின்றன. வானம் ஒரு கோடு. அங்கே கைபேசி, அக்கம்பக்கத்து வைஃபை பெட்டிகளை முகர்ந்து பார்த்து இடத்தை ஊகிக்கிறது. பெட்டியோடு ஒரு குடும்பம் வீடு மாறினால், ஊகமும் சில நாள் அவர்கள் பின்னாலேயே போகும்!

பக்கத்து மாட்டுங்காவில் இந்தச் சங்கடம் குறைவு. 1896ஆம் ஆண்டின் பிளேக்குக்குப் பிறகு உருவான பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், தாதர்-மாட்டுங்கா பகுதியை அளந்து, அகலமான தெருப் போட்டு, மனை பிரித்துக் கொடுத்தது. வரைபடம் முதலில், வீடு பிறகு. தாராவியில் வீடு முதலில்; வரைபடம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

அஞ்சல் துறை 2025 மே மாதம் 'டிஜிபின்' என்ற ஏற்பாட்டை வெளியிட்டது. ஐஐடி ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் உடன் உழைத்தவை. நாடு முழுவதையும் ஏறக்குறைய 4 மீட்டர்ச் சதுரங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து பத்து இடங்கள் கொண்ட குறியீடு. அருமையான வேலை, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் 4 மீட்டர் என்றால் 13 அடி. நம் அறையோ பத்துக்குப் பத்து. சதுரத்துக்குள் பக்கத்து வீட்டுச் சுவரும் வந்துவிடும். 5 மீட்டர் பிசகும் கைபேசியைக் கொண்டு 4 மீட்டர்ச் சதுரத்தைத் தேடினால், கிடைப்பது அடுத்த வீட்டுக்காரரின் குறியீடாகவும் இருக்கலாம்.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது உயரம். கீழே ஒரு குடும்பம், ஏணி ஏறினால் இன்னொன்று, அதன் மேல் தையல் மிஷின்கள். மூன்றுக்கும் ஒரே குறியீடு. மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அங்கே தெரிவது ஒரு கூரை மட்டுமே.

சாப்பாட்டுப் பொட்டலம் தளம் மாறிப் போனால் கூப்பிட்டு வாங்கிக்கொள்ளலாம். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பு அப்படியல்ல. ட்ரோனும், லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் கருவியும் சந்துகளை அளந்தன. வீடு வீடாக ஆட்கள் வந்து எண் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தில் தளம்தான் தலையெழுத்து. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மேல்தளத்தவருக்குத் தாராவிக்கு வெளியே, வாடகை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடு. நாற்பது வருடம் ஒரே ஏணியைப் பிடித்து ஏறியவருக்கு, அந்த ஏணியே எல்லைக்கோடு.

உயரத்தை அளக்க முடியாதா? அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2019இல் விதி செய்தது: அவசர அழைப்புகளில் 80 சதவீதத்துக்கு, அழைப்பவர் இருக்கும் உயரம் 3 மீட்டர் பிசகுக்குள் தெரிய வேண்டும். காற்றழுத்தத்தை அளக்கும் சிறு கருவி கைபேசியில் இருந்தால் அது ஓரளவு கைகூடும். நம் கையில் இருக்கும் மலிவான கைபேசிகள் பலவற்றில் அது கிடையாது. இருந்தாலும் 3 மீட்டர்ப் பிசகு என்பது தாராவியில் ஒரு மாடி முழுவதும்!

ஆகவே கருவிக்காகக் காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தளத்தைக் குடியிருப்பவரே சொல்லட்டும். குறியீட்டின் வாலில் ஓர் எழுத்து சேர்த்தால் போதும். அதைப் பதிவதும் திருத்துவதும் அவர் கையில் இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தவறான தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமையை ஏட்டிலாவது ஒப்புக்கொண்டிருக்கிறது.

இங்கே கல்லூரிப் பிள்ளைகள் நிறைய வந்திருக்கிறீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் சாலில் ஒவ்வோர் ஏணியும் ஏறுங்கள். கணக்கெடுப்பில் கொடுத்த எண், எந்தத் தளம், யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, அவர்களிடமே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.