குடும்பம் இருக்குமிடமே ஊர்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

 

வெளிநாட்டு வாழ்வும் குடும்பமும் என்னும் பொருளில் சில சொற்கள் கூறுமாறு நிர்வாகத்தார் நம்மைப் பணித்தனர். இது நாம் நூல்களில் மட்டும் படித்த பொருளன்று. இமாமத்துப் பொறுப்புக்கு வருமுன் 2011 முதல் 2018 வரை சவூதி அரேபியாவின் தம்மாம் நகரில், ஒரு வணிகக் கிடங்கில் கணக்கெழுதி, மனைவி மக்களோடு வாழ்ந்தவர்கள் நாம். ஆகவே, அறிவுரை கூறுபவராக அன்றி, உங்களில் ஒருவராகவே பேசுகிறோம்.

2014 ஜூலையில் பள்ளி விடுமுறைக்காகக் குடும்பத்துடன் ஊர் வந்தோம். சென்னை விமான நிலையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வேன் வந்து கொண்டிருந்தது. கயிறு சுற்றிய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே பிள்ளைகள் உறங்கினர். நம் உப்பளங்களின் வெண்குவியல்கள் கண்ணில் பட்டதும், ஊர் வந்துவிட்டது என்று பிள்ளைகளை எழுப்பினோம். அன்றிரவு பாட்டியார் வீட்டில் விருந்துண்டு படுத்தபின் மூத்த மகன் நம்மிடம் மெல்லக் கேட்டான்: "அத்தா, நாம் எப்பொழுது வீட்டுக்குப் போவோம்?"

எது வீடு? நாம் வீடு என்று நினைத்து வந்த இடம் அவனுக்கு விருந்து வீடு. நாம் வாடகை அறை என்று எண்ணிய தம்மாமின் மூன்றாம் மாடி அவனுக்கு வீடு. அந்த ஒரு கேள்விக்கு விடை தேடியதே இன்றைய நமது உரை.

முசாஃபிரா, முகீமா?

சகோதரர்களே! பயணி யார், உள்ளூர்வாசி யார் என்பதை நமது மார்க்கச் சட்டம் தெளிவாக வரையறுத்துள்ளது. பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகையைச் சுருக்கித் தொழும் சலுகை உண்டு. அதற்குரிய தொலைவு சுமார் 80 கிலோமீட்டர் என்பது பரவலான கணக்கு. மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குப் போய் வருபவர் இக்கணக்கில் பயணியல்லர். சென்னைக்குச் செல்பவர் பயணி. சென்ற இடத்தில் எத்தனை நாள் தங்க நாடினால் பயணி என்னும் நிலை முடிவுறும்? ஷாஃபிஈ மத்ஹபில், போய்ச் சேர்ந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள்கள். ஹனஃபி மத்ஹபில் 15 நாள்கள்.

இவ்வளவில் முடிவுறும் நிலையை நாம் 20 ஆண்டுகள், 30 ஆண்டுகள் நீட்டித்துக் கொள்கிறோம். தொழுகையில் முகீமாக நிற்கிறோம். வாழ்க்கையில் முசாஃபிராகவே இருக்கிறோம். உடைந்த கட்டிலை மாற்றுவதில்லை. எப்படியும் போகப் போகிறோமே என்கிறோம். அண்டை வீட்டார் பெயரைக் கேட்பதில்லை. அங்கே அரசு வழங்கும் குடியிருப்பு அட்டைக்கு 'இகாமா' என்று பெயர். முகீம், இகாமத், மகாம் யாவும் ஒரே அரபி வேரிலிருந்து பிறந்த சொற்கள், நிலைபெறுதலைக் குறிப்பவை. நிலைபெறுதல் என்று எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நிலைபெறாமல் வாழ்ந்தவர்கள் நாம்.

ஹனஃபி சட்ட நூல்கள் ஒருவருடைய அசல் ஊரை விளக்கும்போது, பிறந்த ஊரை மட்டும் கூறுவதில்லை. அவர் மணமுடித்துக் குடும்பத்தோடு வாழும் ஊரும் அவருக்கு அசல் ஊரே என்கின்றன. இன்னொரு சட்டம் கடற்கரை மக்களாகிய நமக்கு மிகவும் நெருக்கமானது. மனைவி மக்களைக் கப்பலிலேயே வைத்துக்கொண்டு கடலில் திரியும் மாலுமி தொழுகையைச் சுருக்கலாமா? கூடாது என்பது இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபில் சுருக்க அனுமதியுண்டு. ஆயினும் அக்கருத்தை மதித்து முழுமையாகத் தொழுவதே சிறப்பு என்பர். சிந்தியுங்கள்! கப்பல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆயினும் குடும்பம் அதில் இருப்பதால் கப்பலே வீடாகிவிடுகிறது. நம் மகனின் கேள்விக்கு நாம் கண்ட விடை இதுவே: குடும்பம் இருக்குமிடமே ஊர்.

நம் கடற்கரையின் பழைய பயணங்கள்

பயணம் நமக்குப் புதிதன்று. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ் கூறும் சோபட்மா என்னும் துறைமுகம் நம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பிற்காலத்தில் பரங்கிப்பேட்டை, நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் வணிகர்கள் இலங்கை, பினாங்கு, மலாக்கா எனச் சென்றனர். பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை நிறுவிய காதர் முகைதீன் மரைக்காயர் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்தவர். சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் நிறுவப்பட்டது. சென்ற இடத்தில் பள்ளிவாசல் கட்டியவர்கள் அங்கே தங்களை வெறும் பயணிகளாகக் கருதவில்லை என்பது தெளிவு.

அக்காலத்தில் மனைவியர் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தனர். அரபுத் தமிழில் எழுதிய கடிதம் கப்பலேறி வந்து சேர வேண்டும். ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டுமெனில், சிலர் அங்கும் ஒரு குடும்பம் அமைத்துக் கொண்டனர். பினாங்கின் ஜாவி பெரானாக்கான் சமூகம் தமிழ் முஸ்லிம் ஆண்களும் மலாய்ப் பெண்களும் மணந்து உருவானதே. அங்கே ஒரு சமூகம் வளர்ந்தது. இங்கே சில வீடுகளில் காத்திருப்பும் வளர்ந்தது. இரண்டும் நம் வரலாறே.

தம்மாமில் அன்றாட வாழ்வு

குடும்பத்தோடு அங்கே வாழ்வது இன்பமயமானது என்று இங்குள்ளோர் எண்ணுகின்றனர். அங்கே குடிநீரை விலைகொடுத்து வாங்க வேண்டும். கோடையில் திறந்தவெளி வேலைக்கு நண்பகல் 12 முதல் 3 மணி வரை அரசே தடைவிதிக்கும் அளவுக்கு வெயில். 2018 ஜூன் 24 வரை பெண்கள் வாகனம் ஓட்ட அனுமதியில்லை. ஆகவே ஒரு கட்டு கொத்தமல்லித் தழை வேண்டுமாயினும் நாம் வேலை முடிந்து வரும்வரை நம் வீட்டார் காத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் கிடைத்தன. தமிழை நம் வீட்டார்தாம் சமையலறையில் அரிசிப் பையின் மேல் எழுதிக் காட்டிக் கற்பித்தார்கள். எதிர்வீட்டில் கேரளக் குடும்பம். கீழ்த்தளத்தில் ஹைதராபாத் குடும்பம். முதல் ஈராண்டுகள் ஸலாமுக்கு மேல் நமக்குள் பேச்சில்லை. நம் வீட்டார் காய்ச்சலில் விழுந்தபோது நம் பிள்ளைகளுக்குச் சோறூட்டியவர் அந்தக் கேரளத்துச் சகோதரியே. அன்றுதான் அவர் பெயரைக் கேட்டறிந்தோம். வெட்கப்பட்டோம்.

ஒருமுறை வார விடுமுறையில் பேருந்தில் உம்ராவுக்குச் சென்றோம். தம்மாமிலிருந்து மக்காவுக்கு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். தாயிஃபுக்கு அருகிலுள்ள மீகாத்தில் இஹ்ராம் அணிய இறங்கியபோது, கூட்டத்தில் மூத்த மகன் காணாமற் போய்விட்டான். எல்லா ஆண்களும் ஒரே வெள்ளை உடையில். ஆறு வயதுக் குழந்தை தந்தையை எப்படி அடையாளம் காண்பான்? முக்கால் மணி நேரம் பேருந்து காத்திருந்தது. குழந்தைகளை ஏன் அழைத்து வருகிறார்கள் என்று சிலர் முணுமுணுத்தனர். அப்போது முதியவர் ஒருவர் எழுந்து, ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலையை நினைவூட்டினார்.

அந்நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது, உடன் வரும் மனைவி யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். அத்தகைய ஒரு பயணத்தில் அன்னையாரின் மாலை காணாமற் போயிற்று. அதைத் தேடுவதற்காகப் படை முழுவதும் தண்ணீரில்லாத இடத்தில் தங்கியது. அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் மகளைக் கடிந்தார்கள். நபி (ஸல்) அவர்களோ மாலையைத் தேட ஆளனுப்பினார்கள். அந்தத் தாமதத்தில்தான் தயம்மும் உடைய வசனம் அருளப்பட்டது. தேடிய மாலை இறுதியில் ஒட்டகத்தின் அடியிலேயே கிடைத்தது. குடும்பத்தை உடனழைத்துச் செல்வதால் பயணம் தாமதமாகும். அந்தத் தாமதத்திலும் அல்லாஹ் அருள் வைத்திருக்கிறான். முதியவர் இதைச் சொல்லி முடித்தபோது, தண்ணீர்க் குழாயருகே அழுதுகொண்டிருந்த மகனை ஓட்டுநர் தூக்கிக்கொண்டு வந்தார்.

22 ஆண்டுகளும் 22 மாதங்களும்

2017 ஜூலை முதல் சவூதி அரசு, வெளிநாட்டவரைச் சார்ந்து வாழும் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுதோறும் 100 ரியால் உயர்ந்து, 2020 ஜூலையில் அது 400 ஆயிற்று. நமக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும். முதலாண்டுக்கு 4,800 ரியால். நான்காம் ஆண்டில் 19,200 ரியால். கணக்கெழுதும் நமக்கு இக்கணக்கைப் போடுவது கடினமாக இல்லை. சுமப்பதே கடினம்.

நம் கட்டடத்தில் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. மனைவி மக்களை ஊருக்கனுப்பிய ஆண்கள் ஆறு பேர், எட்டுப் பேர் தங்கும் அறைகளுக்கு மாறினர். அவர்களுள் ஒரு சகோதரர் ஓரிரவு நம்மிடம் கூறினார்: "ஹள்ரத், வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. ஈராண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறை. கூட்டிப் பார்த்தேன். ஊரில் இருந்தது 22 மாதங்கள். இடையில் ஐந்தாண்டுகள்தாம் அவர்களை இங்கே வைத்திருந்தேன்." அவர் அழவில்லை. கணக்கைச் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

நாம் மூன்று மாதங்கள் நம் வீட்டாருடன் கலந்து பேசினோம். குடும்பத்தை மட்டும் அனுப்பி நாம் மேலும் ஐந்தாண்டுகள் இருந்திருந்தால் பாதியில் நின்ற வீட்டுச் சுவர் எழும்பியிருக்கும். 2018இல் அனைவரும் சேர்ந்தே திரும்பினோம். சுவர் இன்றும் பூசப்படாமல் நிற்கிறது. நம்மை அறிவற்றவர் என்றோரும் உண்டு. நம் முடிவே அனைவருக்கும் பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. கடனுள்ளவர், குமருள்ளவர், நோயாளிப் பெற்றோருள்ளவர் நிலை வேறு. அவர்களின் உழைப்பு வணக்கமே.

ஆயினும் அளவு வேண்டும். பயணம் ஒருவகை வேதனை என்றும், வந்த காரியம் முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். மார்க்கம் கற்க வந்து 20 இரவுகள் தங்கிய இளைஞர்களின் முகத்தில் வீட்டு நினைவைக் கண்டதும், அவர்கள் கேட்காமலேயே ஊருக்கனுப்பி வைத்தார்கள். உமர் (ரலி) அவர்கள், கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டு, அதன்படி படைவீரர்களின் தங்கும் காலத்தை வரையறுத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. ஒரு பேரரசின் தலைவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நாம் நம் மனைவியரிடம் கேட்டிருக்கிறோமா?

நாம் செய்ய வேண்டியவை

குடும்பத்தோடு வெளிநாட்டில் இருப்போரே! அங்கேயே வாழுங்கள். மகிழ்ச்சியை எல்லாம் ஊருக்கென்று மூட்டை கட்டி வைக்காதீர்கள். அண்டை வீட்டாரை அறியுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழெழுத்தைக் கற்பியுங்கள். பாட்டிக்கு அவர்கள் கையால் நான்கு வரி எழுதச் செய்யுங்கள்.

தனித்திருப்போரே! எத்தனை ஆண்டுகள் என்பதைப் புறப்படுமுன் மனைவியோடு அமர்ந்து முடிவு செய்யுங்கள். தொலைபேசியில் மதிப்பெண்ணையும் பணத்தையும் மட்டும் கேட்காதீர்கள். இன்று என்ன சமைத்தீர்கள், கூரை ஒழுகிற்றா என்றும் கேளுங்கள். நபி (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பும்போது வீட்டுச் சிறுவர்களே முதலில் எதிர்கொள்வார்கள். அவர்களைத் தம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டே ஊருக்குள் நுழைவார்கள். விடுமுறையின் முதல் வாரத்தைப் பத்திரப் பதிவுக்கும் விருந்துக்கும் கொடுக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

புதிதாகச் செல்லும் இளைஞர்களே! பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி அரசின் அனுமதி பெற வேண்டும். அவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். 2017 திருத்தத்தின்படி ஈராண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய்; வரி தனி. விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைத்துச் செல்பவரை நம்பிப் போனால் இப்பாதுகாப்பு எதுவும் இராது. ஊதியத் தகராறு போன்ற இடர்களுக்கு வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய மதத் என்னும் இணையதளத்தில் வீட்டிலுள்ளோரே முறையிடலாம்.

ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் உள்ளோரின் பெயர், நாடு, கடவுச்சீட்டு எண், வீட்டுத் தொடர்பு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிப் பாதுகாக்க வேண்டும். 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றபோது யார் எங்கே சிக்கியிருக்கிறார் என்று அறிய நாம் வீடு வீடாக அலைந்ததை மறக்கலாகாது. திரும்பிவரும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தமிழ்ப் பாடம் சுமையாக இருக்கும். அவர்களுக்கு மக்தபில் மாலை வகுப்பொன்று வைத்தால் அந்தப் பொறுப்பை நாமே ஏற்கிறோம்.

இறுதியாக ஒன்று. 2014இல் எப்பொழுது வீட்டுக்குப் போவோம் என்று கேட்ட மகன் இன்று சென்னையில் படிக்கிறான். சென்ற மாதம் விடுதியிலிருந்து தொலைபேசியில் பேசியபோது, "வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், அத்தா" என்றான். பூசாத சுவருள்ள அந்த வீட்டைத்தான் சொன்னான். அல்ஹம்துலில்லாஹ்.

யா அல்லாஹ்! கடல் கடந்து உழைக்கும் எங்கள் சகோதரர்களுக்கு ஹலாலான வருவாயையும் உடல் நலத்தையும் தந்தருள்வாயாக! பிரிந்திருக்கும் குடும்பங்களைச் சேர்த்து வைப்பாயாக! காத்திருந்தே மூத்துப்போன எங்கள் தாய்மார்களின் பொறுமைக்கு நற்கூலி வழங்குவாயாக! ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.